கறந்த சூடு

எனக்கு வாய் நீளம். வேலப்பன்சாவடிப் பக்கம் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிணற்றடியில் சண்டை வந்தால், "அங்கம்மாவக் கூப்புடுங்கடி" என்று என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சேதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்தேன் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் தவித்தேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பூந்தமல்லி ரோட்டில் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் துலுக்கானம் ஆவடியில் பட்டாளத்துக் கொட்டகைகளுக்கு மண் வெட்டப் போய்விடுவார். நான் லோகநாதன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்தவள் எல்லம்மா. அவள் தவழ ஆரம்பித்த சமயத்தில் நான் விஷ ஜுரம் வந்து படுத்தேன். எழுந்தபோது மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. கஞ்சித் தண்ணீரை ஊற்றினால் பிள்ளை துப்புகிறது. அரிசியே கிடைக்காத காலத்தில் அதற்கு அவ்வளவு கொழுப்பு. மூன்றாவதும் போகப்போகிறது என்று நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போனேன்.

லோகநாதனின் சம்சாரம் வரலட்சுமியம்மாள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். பிள்ளை இல்லாதவர். ஊருக்குக் கொடுப்பார், கொடுப்பதையும் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்.

"இன்னாடி இது, புள்ளையா பல்லியா?"

"பாலு இல்லம்மா."

"ஊர் சண்டைக்கெல்லாம் வாய் கீது. பாலு இல்லன்னு சொல்றதுக்கு வாய் இல்லியா உனுக்கு? முனியா! செவப்பியக் கறந்தா மொத சொம்பு இந்தப் புள்ளைக்கு."

சிவப்பி அப்போதுதான் கிடாரிக் கன்று போட்டிருந்தது. வரலட்சுமியம்மாளுக்கு அந்தக் கன்றுதான் பிள்ளை. மழை பெய்தால் கொட்டகையில் விடமாட்டார், கூடத்தில் கொண்டுபோய்க் கட்டுவார். பால்காரன் முனியன் கன்றை ஊட்டவிட்டு, இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பான். நுரையோடு இருக்கும் பாலை வரலட்சுமியம்மாள் தம் கையாலேயே என் சொம்பில் ஊற்றுவார். சொம்பு தம் பாத்திரத்தில் பட்டுவிடாமல் ஒரு முழம் உயரத்திலிருந்துதான் ஊற்றுவார். அந்த நாளில் அது அப்படித்தான். எனக்கு அதில் கோபம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளை மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டதும் அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை. பத்து நாளில் எல்லம்மாவுக்குக் கன்னம் வந்தது. உப்பிட்டவரையே உள்ளளவும் நினைக்கச் சொல்கிறார்கள். இவர் பாலிட்டவர். தினமும் தூங்கப் போகும்போது மாரியாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டால் வரலட்சுமியம்மாளுக்கு ஒன்று போடுவேன்.

பாலுக்கு ஒரே ஒரு கட்டளை உண்டு.

"சூட்டோட இங்கயே குடிக்கணும். ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி அடுப்புல வெக்கற வேலையெல்லாம் வாணாம். கன்னு புல்லு கடிக்கற வரிக்கும் என் மாட்டுப் பாலு அடுத்தவ அடுப்புல ஏறக்கூடாது. பொங்கி நெருப்புல உழுந்துச்சுன்னா மாட்டு மடி வெந்துபூடும். எங்க ஊட்டுப் பாலுக்கு நானே அடுப்பாண்ட குந்திக்கினு காவல் கீறேன். உங்க ஊட்ல எவ குந்துவா?"

இது அவர் மட்டும் சொன்னதல்ல. எங்கள் பக்கத்தில் மாடு வைத்திருந்த எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. பால் பொங்கி வழிந்தால், இறக்கிவைப்பதற்கு முன்னால் அடுப்பில் தண்ணீரைத் தெளித்து மாட்டின் பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதோடு, கறந்த சூடு பிள்ளைக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் ஏன் காய்ச்சப்போகிறேன்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கச் சேறு. நான் அள்ள அள்ள அது ஊறிக்கொண்டே இருந்தது. முதலில் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. சாம்பல் நிறத்தில், தண்ணீராக, கிட்டப் போக முடியாத நாற்றம். வயிறு பானை மாதிரி உப்பியது, ரோமம் சிலிர்த்துக்கொண்டது, கண் உள்ளே போனது. கன்று கழிந்த இடத்திலேயே சிவப்பி படுக்கும், மடியெல்லாம் அப்பிக்கொள்ளும். முனியன் துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கறப்பான். கொஞ்ச நாளில் எல்லம்மாவுக்கும் கழிச்சல். பல் முளைக்கிற கழிச்சல் என்று இருந்துவிட்டேன். பல்லும் முளைக்கவில்லை, கழிச்சலும் நிற்கவில்லை. வந்த கன்னம் மறுபடியும் உள்ளே போயிற்று.

வரலட்சுமியம்மாள் கன்றுக்கு வேப்பிலை அரைத்து ஊற்றினார், மந்திரித்துக் கயிறு கட்டினார், சூடு வைக்கவும் வந்துவிட்டார்கள். அப்போதுதான் லோகநாதன், பூந்தமல்லிச் சந்தைக்குச் சர்க்கார் மாட்டு டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். முனியனுக்குக் காய்ச்சல். "நீ கூடப் போடி, கன்னப் புடிச்சிக்கோ" என்று வைக்கோல் வண்டியில் கன்றையும் என்னையும் ஏற்றிவிட்டார்கள். எல்லம்மாவை எங்கே விடுவது? இடுப்பில் வைத்துக்கொண்டேன். வண்டி போகப் போக ஒரு பக்கம் கன்று கழிந்தது, ஒரு பக்கம் பிள்ளை கழிந்தது. நடுவில் நான்.

டாக்டர் ஜம்புலிங்கம் என்பவர் மீசை சரியாக முளைக்காத வாலிபர். சந்தைக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஒரு மேசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சாணியை ஒரு குச்சியில் எடுத்து மூக்குக்கு நேரே வைத்து முகர்ந்தார். இவ்வளவு படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. குச்சியின் நுனியில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வயித்துல பூச்சி. கண்ணுக்குத் தெரியறது இது. தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து எல்லம்மா என் புடவையிலேயே கழிந்துவிட்டாள். நான் கூசிப்போய் நகர்ந்தேன். அவர் நகரவில்லை. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொழந்தைக்கும் கழிச்சலா? கன்னுக்கு வந்தப்புறமா வந்துது?"

"ஆமா சாமி. பல்லு மொளைக்கிற..."

"பல்லை விடு. என்ன பால் குடிக்குது?"

"இந்தக் கன்னோட தாய்ப் பசுவு பாலுதான். கறந்த சூட்டோட."

"பச்சையாவா?"

அவர் குச்சியைக் கீழே போட்டார். உட்கார் என்று சொல்லிவிட்டு, பொறுமையாக எடுத்துச் சொன்னார். கன்றின் சாணியில் பூச்சியும் பூச்சி முட்டையும் கோடி இருக்கும். அந்தச் சேற்றில் மாடு படுக்கிறது, மடியில் ஒட்டுகிறது. கன்று அதையே சப்பிச் சப்பி மறுபடியும் விழுங்குகிறது. கறக்கிறவன் கையில் ஏறிப் பாலிலும் விழுகிறது. கன்றுக்கு வருகிற எல்லாப் பூச்சியும் மனுஷருக்கு வருவதில்லை. சிலது வரும். சின்னப் பிள்ளை என்றால் அந்தச் சிலது போதும்.

"பாலக் காய்ச்சினாச் செத்துடும். மடியை வெந்நீர்ல கழுவிட்டுக் கறக்கணும், கையையும் கழுவணும். கன்னைக் காய்ஞ்ச எடத்துல தனியாக் கட்டணும். பாரும்மா, இந்தக் கொழந்தைக்கு இனிமே ஒரு வாய் பச்சைப் பால் குடுக்காதே. குடுத்தா நான் பொறுப்பில்லை."

கன்றுக்கு ஒரு பொடியும் விளக்கெண்ணெயும் கொடுத்தார். பிள்ளைக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்.

வழி முழுக்க எனக்குள் ஒரே போராட்டம். பிள்ளைக்கு உயிர் கொடுத்த பால் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போது அவளைத் தின்கிறது என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவள் என்றுதான் ஊர் சொல்லும். ஊர் கிடக்கட்டும், அந்த அம்மாள் மனசு என்ன பாடு படும்? இறங்கியதும் கன்றுக்கு உண்டானதை எல்லாம் ஒப்பித்தேன். மருந்து, தனிக் கட்டுத்தறி, சுண்ணாம்பு, மடி கழுவுவது எல்லாம். பிள்ளைக்கு உண்டானதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மறுநாள் கறவை நேரத்தில் எல்லம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

"எங்கடி புள்ள?"

"தூங்குதும்மா. ஊத்துங்க, எடுத்துக்கினு போயி எழுப்பிக் குடுக்கறேன்."

"ஆறிப்பூடும். ஓடு!"

ஓடினேன். வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, திருடி மாதிரி அடுப்பு மூட்டினேன். சிவப்பியின் மடியை நினைத்துப் பயந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு, மேலே எழும்பும்போதே இறக்கினேன். ஆற்றிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. கழிச்சல் குறைவது போலத் தெரிந்தது. மூன்றாம் நாளும் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டதால் இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

வரலட்சுமியம்மாள் சிரித்துக்கொண்டே கிட்ட வந்தார். மருந்து விழுந்ததில் கன்று கொத்துக் கொத்தாகப் புழுவைத் தள்ளியிருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை, அந்தக் கவலையிலும் பிள்ளையைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அப்படிச் சிரித்துக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

"இது இன்னாடி, மேவாயில?"

பார்த்தேன். எல்லம்மாவின் முகவாயில் ஒரு துண்டுப் பாலேடு ஒட்டிக்கொண்டிருந்தது. கறந்த பாலில் நுரைதான் இருக்கும், ஏடு ஏது? மாடு வைத்திருக்கிறவளுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்?

"காச்சினியா?"

நான் முந்தானையால் அந்த ஏட்டைத் துடைத்தேன்.

"அதான் என் கன்னு எயுந்திரிக்கல! மருந்து உழுந்தும் எயுந்திரிக்கலியே, இன்னா பாவம் பண்ணினோம்னு நான் ராவெல்லாம் அழுதுகினு கீறேன். நீ என் மாட்டு மடிய அடுப்புல வெச்சி வேக வுட்டுக்கினு கீற! உம் புள்ளைக்குப் பாலு ஊத்தினேனே, அதுக்கா?"

என்னை எது சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். கன்று எழாததற்கு நான்தான் காரணம் என்றதும் பொறுக்கவில்லை. அடைத்து வைத்திருந்த வாய் மடை உடைந்த மாதிரி திறந்துகொண்டது.

"கன்னு படுத்துக்கினு எத்தினி நாளாச்சி, நான் காச்சி எத்தினி நாளாச்சி? கணக்குப் பாத்துப் பேசுங்கம்மா! ஒரு சொட்டு கீழ உழாம காச்சினேன். உங்க கன்னு வயித்துப் பூச்சிதான் எம் புள்ள வயித்துல கீது. அந்தப் பாலுலதான் வந்துச்சி. டாக்டரு சொன்னாரு. இனிமே ஒரு வாய் பச்சப் பாலு குடுத்தா உசுரு போயிடும்னாரு. நான் இன்னா பண்ணட்டும்? உங்க கையால ஊத்தறத வாணாம்னு எப்டி சொல்லட்டும்?"

வரலட்சுமியம்மாள் என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாணிக் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் துலுக்கானம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டாத்தான் உருப்படுவோம். அந்தம்மா இல்லன்னா இந்தப் புள்ள இன்னிக்கி கீதா?"

"அது எனக்குத் தெரியாதா? அதான் இவ்ளோ நாளு வாய மூடிக்கினு இருந்தேன். இன்னும் மூடிக்கினு இருந்தா புள்ளதான் எளைக்கும்."

அவர் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அதன் வயிற்றை உள்ளங்கையால் தடவினார். அதற்குப் பிறகு பூட்டுப் பேச்சு எடுக்கவில்லை.

பால் நின்றது. உப்புக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். கழிச்சல் நின்றுவிட்டது. ஆனால் பிள்ளைக்குத் தெம்பில்லை. கறவை நேரம் வந்தால் கொட்டகைப் பக்கம் கையை நீட்டி அழுவாள். எனக்கும் அழுகை வரும். வேலை போனதற்கு அல்ல. நான் கும்பிட்ட மனுஷி கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் காதிலேயே நின்றது. கன்று என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை. முனியனைக் கேட்க ரோஷம் விடவில்லை.

அடுத்த சந்தை நாள். மழை விட்டு வெயில் மங்கலாக அடித்தது. தெரு முனையில் பெண்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தேன். என்னவென்று எட்டிப் பார்த்தால், வரலட்சுமியம்மாள் கையில் மூடிய செம்போடு சேற்றில் தடுமாறிக்கொண்டு வருகிறார். எங்கள் தெருவில் அவர் கால் பட்டதே இல்லை. எந்த வீடு என்றுகூட அவருக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார்.

குனிந்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"பத்த வெய்யி" என்றார். "பானை எது? எடு. பொங்காம நான் பாத்துக்கறேன். நீ புள்ளையக் கொணா."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். என் சட்டியில் தாமே பாலை ஊற்றினார். உயரத்திலிருந்து அல்ல, செம்பின் வாய் சட்டியின் வாயில் இடிக்க ஊற்றினார். என் மண் தரையில் உட்கார்ந்து, என் கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"கன்னு எப்டிம்மா கீது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முந்தாநாளு எயுந்து நின்னுச்சி. முட்டி முட்டிக் குடிக்குது. மடிய ரெண்டு வேளையும் வெந்நீர்ல கழுவறேன். பாலு கொறையல." கரண்டியால் பாலைக் கிளறினார். "இன்னும் புல்லு கடிக்கல."

நான் சட்டியைப் பார்த்தேன். பால் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகக் கொப்புளிக்க ஆரம்பித்திருந்தது.

"இன்னிக்கி நானே கன்ன ஏத்திக்கினு சந்தைக்குப் போனேன்டி. உன்னப் பொய்க்காரி ஆக்கணும்னுதான் போனேன். இந்த மாரி ஒரு பொம்பள சொன்னாளே, நீங்க சொன்னீங்களான்னு அந்த டாக்டரு புள்ளாண்டான்கிட்ட சண்டைக்கு நின்னேன். அவரு கன்னப் பாக்கறதுக்கு முன்னாடி என்னத்தக் கேட்டாரு தெரியுமா? அந்தக் கொழந்த எப்டி இருக்குன்னாரு. நான் இன்னா சொல்றது? எனக்குத் தெரியல. இருக்குதா இல்லியான்னே தெரியல. வண்டில திரும்பி வர வழி பூரா அதே நெனப்புதான். எங்கையாலயே, எங்கையாலயே ஊத்தி..."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றுதான். எல்லம்மாவைக் கொண்டுபோய் அவர் மடியில் உட்காரவைத்தேன்.

"இருக்குதும்மா. பாருங்க. மொத தடவ பொயைக்க வெச்சதும் நீங்கதான். இப்ப கழுவிக் கறந்து எடுத்துக்கினு வந்திருக்கறதும் நீங்கதான். எம் புள்ளைக்கு ரெண்டு உசுரு, ரெண்டும் உங்க ஊட்டுது. நான் அதச் சொல்லத்தான் வழி தெரியாம கெடந்தேன்."

"நீ அன்னிக்கி வாயத் தொறந்தியே, அதுக்கு நான் எங்கடி போயி கும்புடறது?" என்றார்.

பிள்ளை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. அவர் அழுதுகொண்டே சிரித்தார், நானும் சிரித்தேன். கரண்டி எப்போதோ கீழே விழுந்துவிட்டது. அப்போதுதான் சுர்ரென்று சத்தம் கேட்டது.

பால் பொங்கி, சட்டியின் நாலு பக்கமும் வழிந்து, நெருப்பில் விழுந்து பொசுங்கியது. வீடெல்லாம் தீய்ந்த வாடை. கன்று இன்னும் புல் கடிக்கவில்லையே, சிவப்பி, சிவப்பி என்று முணுமுணுத்துக்கொண்டே தெளிக்கத் தண்ணீரைத் தேடினேன். வரலட்சுமியம்மாளின் முகத்திலும் அதே பயம் ஒரு கணம் வந்ததைப் பார்த்தேன்.

அவர் பிள்ளையை இடது கையால் இறுக்கிக்கொண்டார். வலது கையால் முந்தானையைச் சுற்றிச் சட்டியை இறக்கினார்.

"போவட்டும் வுடு" என்றார். "நல்லாக் கொதிச்சிருக்குது. புள்ளைக்கு ஆத்து."